பாதத்தின் வழியே வரும் நோய்



மலைநாட்டுத் தோட்டமொன்றில் லயன் வீடுகளைச் சந்திக்கச் சென்றிருந்தேன். ஒரு காம்பராவின் வாசலில் தாயொருத்தி, வெளிறிய முகமும் பொருமிய வயிறுமாய் நின்ற தன் மகனை என் முன்னே நிறுத்தி, "சாமி, புள்ள சோந்து சோந்து விழுகுது. மந்திரிச்சு விடுங்க" என்றாள். அவன் தலைமேல் கைவைத்துச் செபித்தேன். பின்பு, "இவன் செருப்புப் போடுவதுண்டா அம்மா? கக்கூசு எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன். அவள் திகைத்துப் போனாள். குருவானவர் கேட்கிற கேள்வியா இது?

கேட்க வேண்டிய கேள்விதான். உபாகமம் என்று நம் பெரியோர் அழைத்த இணைச்சட்ட நூலின் 23ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். மலங்கழிக்கப் பாளையத்துக்கு வெளியே இடம் வேண்டும், குழி தோண்டி மூட வேண்டும் என்று இஸ்ராயேல் மக்களுக்கு அங்கே கட்டளையிடப்பட்டிருக்கிறது. ஆண்டவர் உலாவும் இடம் தூய்மையாயிருக்க வேண்டும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

நம் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்காக மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை கால்நடையாய் வந்தார்கள். வாந்திபேதியால் வழியிலேயே மாண்டவர்கள் பலர். கெட்ட காற்றே அதற்குக் காரணம் என்று அக்காலத்து மருத்துவரில் பலரும் நம்பினார்கள். அது தண்ணீரால் பரவுகிறது என்று 1854இல் லண்டன் நகரில் ஜோன் ஸ்னோ என்னும் மருத்துவர் எடுத்துக்காட்டினார். நோயாளியின் மலம் கலந்த நீரை மற்றவன் குடித்தான்; நோயையும் சேர்த்துக் குடித்தான்.

தோட்டங்களில் வேரூன்றிய இன்னொரு நோய் கொளுக்கிப்புழு. 1916இல் அமெரிக்க ரொக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் அதை ஒழிக்கும் பணியைத் தொடங்கினார்கள். இப்புழுவின் முட்டைகள் மலத்தோடு மண்ணில் விழுகின்றன. ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் அவை பொரித்து, சில நாட்களில் குஞ்சுப் புழுக்கள் வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே புகுகின்றன. இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலை அடைந்து, அங்கே கவ்விக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகின்றன. உழைப்பவன் களைக்கிறான்; பிள்ளைக்குப் படிப்பு ஏறுவதில்லை; கருவுற்ற தாய் வெளிறிப் போகிறாள். இவர்களைச் 'சோம்பேறிகள்' என்று ஏசியவர்களும் உண்டு!

அந்தப் பணியில் மருந்து தாராளமாய்க் கொடுக்கப்பட்டது, புழுவும் விழுந்தது. ஆனால் கக்கூசு கட்டப்படாத இடங்களில், மருந்து உண்டவன் மறுபடியும் அதே மண்ணை மிதித்தான். நோய் திரும்பி வந்தது.

பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு, பாவத்துக்கு ஏதுவான இடத்துக்கே திரும்பிப் போகிறவனின் கதை இதுவன்றோ? மன்னிப்பு மெய்யானதுதான், ஆயினும் அவன் போகும் வழி மாறவில்லையே.

அப்படியானால் குற்றம் அந்தத் தாயினுடையதா? அவசரப்பட்டுத் தீர்ப்பிடாதீர்கள். பல குடும்பங்களுக்கு ஒரே கக்கூசு, ஒரே பீலி என்று வைத்துவிட்டு, சுத்தம் பற்றிப் போதிப்பது நீதியாகாது. தோட்டங்கள் வெள்ளைக்காரத் துரைமாரிடமிருந்து 1970களில் அரசின் கைக்கும், 1992 முதல் கம்பனிகளின் நிருவாகத்துக்கும் மாறின. கை மாறியதால் கடமை மாறவில்லை. கக்கூசும் நல்ல தண்ணீரும் கேட்பது பிச்சையன்று, உரிமை. ஒன்றுகூடிக் கேளுங்கள், உங்கள் பங்குக் குருவையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

நம் கையில் உள்ளதையும் விட்டுவிடலாகாது. கக்கூசுக்குப் போய் வந்த பின்னும், சமைக்கவும் உண்ணவும் முன்னும் சவர்க்காரமிட்டு இருபது விநாடியாவது கைகளைத் தேய்த்துக் கழுவுங்கள். பீலித் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள். குழந்தையின் மலமும் நோய் பரப்பும். அதையும் கக்கூசிலேயே போடுங்கள். பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்கிக் கொடுங்கள். இருமும்போது வாயை மூடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைச் சோதிக்கக் கொடுங்கள்.

"வாய்க்குள் போவது மனிதனைத் தீட்டுப்படுத்தாது என்று இயேசுவே போதித்தாரே" என்று சிலர் கேட்கலாம். உள்ளத்தில் வஞ்சனையை வைத்துக்கொண்டு கைகளை மட்டும் கழுவிய வெளிவேடத்தையே அவர் கண்டித்தார். கழுவுவதை அவர் வெறுக்கவில்லை. இறுதி இரவில் இடுப்பில் துண்டைக் கட்டி, புழுதி படிந்த பாதங்களைக் கழுவியவர் அவரேயல்லவா?

பெரிய வியாழனன்று பீடத்தின் முன்னே பன்னிருவர் பாதங்களைக் கழுவுகிறோம். கொழுந்து மலையிலிருந்து வெறுங்காலோடு இறங்கி வரும் பாதங்களும் அவர் கழுவிய பாதங்களைப் போன்றவையே. நோய் புகாமல் அவற்றைக் காப்பதும் அந்த வழிபாட்டின் தொடர்ச்சியே. அந்தத் தாயின் மகனுக்காகச் செபியுங்கள். உங்கள் லயனில் அவனைப்போல் வெளிறி நிற்கும் பிள்ளையை நாளைக்கே மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.