விட்டுப்போன பற்று

கோடை விடுமுறையில் ஆம்பூரில் என் தங்கை வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தேன். வெயில் கொளுத்தியது. நண்பகலில் தெருவில் இறங்க முடியவில்லை. அப்படிப்பட்ட ஒரு பிற்பகலில்தான் தங்கையின் பேரன் என்னை ஒரு கடைக்கு முதலாளி ஆக்கினான்.

கடை அவனுடைய கணினிக்குள் இருந்தது. ‘சூப்பர்மார்க்கெட் சிமுலேட்டர்’ என்பது விளையாட்டின் பெயர். துருக்கி நாட்டு நோக்டா கேம்ஸ் நிறுவனம் 2024-இல் வெளியிட்டது. சுடுவதும் துரத்துவதும் இல்லாத கணினி விளையாட்டும் உண்டா என்று வியந்தேன். இதில் கதாநாயகன் ஒரு சாதாரணக் கடைக்காரன்.

“முதல் நாளே ஆசைப்பட்டு எல்லாத்தையும் வாங்கிடாதீங்க தாத்தா. கொஞ்சமா சரக்கு போடுங்க” என்றான் பையன். அவனுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு எழுபது. சீடனாக அமர்ந்தேன்.

கையில் சிறிது முதல் தருகிறார்கள். அதைக்கொண்டு சரக்குக்குச் சொல்லி அனுப்பினால், அட்டைப் பெட்டிகள் வாசலில் வந்து இறங்குகின்றன. அவற்றைத் தூக்கிச் சென்று தட்டுகளில் அடுக்க வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் விலை குறிக்க வேண்டும். சந்தை விலை இவ்வளவு என்று காட்டுகிறார்கள். அதற்கு மேல் எவ்வளவு வைப்பது என்பது நம் விருப்பம். பிறகு கடையைத் திறந்து, வருகிறவர்களுக்குக் கணக்குப் போட்டுச் சில்லறை எண்ணித் தர வேண்டும். இரவு கடையை அடைத்ததும் அன்றைய வரவு செலவு கண்முன் விரிகிறது. வாடகையும் மின்கட்டணமும் நம் தலையில்.

முதல் நாள் திணறினேன். சில்லறை எண்ணுவதற்குள் வரிசை நீண்டது. இரண்டாம் நாள் கை பழகிற்று. மூன்றாம் நாள் விலையைச் சற்று ஏற்றினேன். இரண்டொருவர் விலை அதிகம் என்று சொல்லிவிட்டுப் பொருளை எடுக்காமல் போனார்கள். மற்றவர்கள் வாங்கினார்கள். லாபம் ஏறிற்று. உண்மையைச் சொன்னால், எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது.

“காலிப் பெட்டிகளை என்ன செய்வது?” என்று கேட்டேன்.

“வெளியே குப்பைத் தொட்டி இருக்கே, அதுல போட்டுடுங்க.”

போட்டேன். பெட்டி மறைந்தது.

“எங்கேடா போயிற்று?”

பையன் என்னை இரக்கத்தோடு பார்த்தான். “எங்கேயும் போகாது தாத்தா. அவ்வளவுதான்.”

வேறு ஊரில் இந்தப் பதிலைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். பாலாற்றங்கரையில் உட்கார்ந்து கேட்டதால் சிரிப்பு வரவில்லை.

என் தந்தையார் இந்த வட்டாரத்தில் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதியவர். தோல் வாங்கிய விலை, உப்பு, சுண்ணாம்பு, ஆவாரம்பட்டை, கடுக்காய், பிற்காலத்தில் குரோமிய உப்பு, ஆட்கூலி, வண்டிச் சத்தம் என்று எல்லாம் அவருடைய பேரேட்டில் முத்து முத்தான எழுத்தில் நிற்கும். ஒரு பைசா உதைத்தாலும் இரவு வீடு திரும்ப மாட்டார். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். இன்று நான் எழுதிப் பிழைக்கும் எழுத்தும் அந்தப் பேரேட்டின் வழி வந்ததுதான்.

தோலில் ஏற்றிய உப்பைக் கழுவிய தண்ணீரும், பதனிட்டு மிஞ்சிய தண்ணீரும் தொழிற்சாலையின் பின்புறக் கால்வாயில் போயின. எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை. குப்பைத் தொட்டியில் போட்ட பெட்டியைப் போல அவை மறைந்துவிட்டதாகவே கணக்கு சொல்லிற்று.

ஆனால் அவை மறையவில்லை. தங்கை மணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில் பின்கட்டுக் கிணற்று நீரைத்தான் குடித்தார்கள். சில ஆண்டுகளில் அந்த நீரில் பருப்பு வேகவில்லை. பிறகு துணி துவைக்கவும் ஆகவில்லை. இன்று கிணற்றின் மேல் ஓர் இரும்புத் தகடு மூடியிருக்கிறது.

1991-இல் வேலூர் மக்கள் நலமன்றம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பு வந்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பதும், இந்தத் தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமோ ஓரளவோ பயிருக்கு உதவாமல் போயிற்று என்பதும் அந்தத் தீர்ப்பில் பதிவாயின. அந்நியச் செலாவணி ஈட்டித் தரும் தொழில் என்பதை நீதிபதிகள் மறுக்கவில்லை. ஆயினும் மாசு செய்தவரே அதன் விலையைத் தரவேண்டும் என்றார்கள். தொழிற்சாலை ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதம் கட்டவேண்டும், கெட்டுப்போன நிலத்துக்கும் மக்களுக்கும் ஈடு தரவேண்டும் என்று ஆணையிட்டார்கள்.

அந்தச் செய்தியை என் தந்தையார் நாளிதழில் படித்தார். அப்போது அவர் ஓய்வுபெற்று நெடுநாள் ஆகியிருந்தது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “நாற்பது வருஷம் எழுதினேன். ஆற்றுக்கு என்று ஒரு பற்றுகூட எழுதவில்லையே” என்றார். நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். “என்னைச் சமாதானப்படுத்தாதே அப்பா. கணக்கில் தப்பு இல்லை. எழுதாமல் விட்டதுதான் தப்பு” என்றார்.

பையனிடம் இதை எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். “இது சும்மா விளையாட்டுதானே தாத்தா?” என்றான்.

நியாயமான கேள்வி. சதுரங்கத்தில் குதிரையை வெட்டியவன் கொலைகாரன் ஆவதில்லை. இந்தக் கடையில் விலை ஏறினால் எந்தக் குழந்தையும் பட்டினி கிடப்பதில்லை. அளவறிந்து சரக்கு வாங்கவும், சில்லறையைச் சரியாக எண்ணவும் இது கற்றுத் தருகிறது. அதில் குறை இல்லை.

விளையாட்டில் மறைவான செலவைக் காட்டவே முடியாது என்பதும் இல்லை. அமெரிக்காவில் எலிசபெத் மேகி என்ற பெண்மணி 1904-இல் ‘நிலக்கிழார் ஆட்டம்’ என்ற ஒரு பலகை விளையாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். நிலவாடகை ஒருவரைச் செல்வராக்கிப் பிறரை எப்படி ஏழையாக்குகிறது என்று காட்டுவதே அவர் நோக்கம். அதிலிருந்து பிறந்து 1935-இல் கடைக்கு வந்த ‘மோனோபொலி’யில் பாடம் போய்விட்டது, பிறரைத் திவாலாக்கும் மகிழ்ச்சி மட்டும் மிஞ்சிற்று. விட்டுவிடுவது மனிதனுக்கு அவ்வளவு எளிதாக இருக்கிறது.

தொடங்குகிறவன் சிலவற்றை விட்டுத்தான் ஆகவேண்டும். எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டிருந்தால் எவனும் கடை திறக்க முடியாது. பள்ளிக் கணக்கிலும் காற்றையும் உராய்வையும் விட்டுவிட்டுத்தான் தொடங்குகிறோம். ஆனால் ஆசிரியர், “இதை இப்போதைக்கு விட்டுவைப்போம்” என்று சொல்லிவிட்டு விடுகிறார். விட்டது தெரிந்தவன் ஒருநாள் அதைச் சேர்த்துக்கொள்வான். விட்டதே தெரியாதவன், அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று நம்பிவிடுகிறான். என் தந்தையாரும் அவருடைய முதலாளியும் கொடியவர்கள் அல்லர். கணக்கு வாசலோடு முடிகிறது என்று தொழிலின் முதல் நாளிலேயே கற்றுக்கொண்டார்கள். பிறகு அதைத் திருத்த யாரும் இல்லை.

திருக்குறளில் நடுவு நிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறள் வணிகருக்கு உரியது. பிறருடைய பொருளுக்கும் தன் பொருளுக்குக் காட்டும் அக்கறையைக் காட்டு என்பது அதன் கருத்து. பிறர் என்றால் எதிரே நின்று விலை கேட்பவர் மட்டுமா? கால்வாயின் மறுமுனையில் கிணறு வைத்திருப்பவரும் பிறர்தானே? அவர் கடைக்கு வருவதே இல்லை. ஆகையால் அவர் முணுமுணுப்பு நம் காதில் விழுவதும் இல்லை.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஆயினும் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றியும் இழப்பீடு பற்றியும் மீண்டும் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. ஒருமுறை எழுதாமல் விட்ட பற்றைப் பின்னால் எழுதுவது அவ்வளவு கடினம்.

ஊருக்குப் புறப்படும் நாளில் பையன் மறுபடியும் கடையைத் திறந்தான். நானும் அடுக்கினேன், விற்றேன், காலிப் பெட்டியைத் தொட்டியில் போட்டேன். பெட்டி மறைந்தது, அன்றும் லாபம்தான், அன்றும் எனக்கு மகிழ்ச்சிதான். ஜன்னலுக்கு வெளியே, மூடிய கிணற்றின் தகட்டின் மேல் தங்கை வடகம் காயவைத்துக்கொண்டிருந்தாள்.