கூப்பிட்டாத்தான் போக முடியுமா?



போன சித்திரையில நானும் என் நண்பனும் வெள்ளியங்கிரி ஏறினோம். நம்ம பக்கத்துல சிவன் மலை எதுக்குன்னு கேக்காதீங்க, அப்பன் வீடுதானே. பேச்சு கடைசியில பழனிக்குத்தான் வரும்.

கோவைக்கு மேற்கே, பூண்டி அடிவாரத்துல இருந்து ஏழு மலை. ஒரு வழிக்கு 6 கிலோமீட்டர்தான்னு சொல்வாங்க. அந்த "தான்" எவ்வளவு பெரிய பொய்னு முதல் மலையிலயே தெரிஞ்சிடும். ஒழுங்கில்லாத கல்படி, நடுவுல வேர், சுத்தியும் காட்டு இருட்டு. எதிர்ல இறங்கி வர்றவங்ககிட்ட "இன்னும் எவ்ளோ தூரம் சாமி?"ன்னு கேட்டா, எல்லாரும் "பக்கந்தான் சாமி"ன்னுதான் சொல்வாங்க. யாருக்கும் உண்மையைச் சொல்ல மனசு வராது.

நண்பன் கையில இருந்தது புது மூங்கில் தடி இல்ல. அவங்க அப்பாவோடது. அவர் 11 தடவை ஏறினவர், ரெண்டு வருஷம் முன்னாடி காலமாயிட்டார். அந்தத் தடியோட ஒரு தடவையாவது ஏறிடணும்னு இவன் வேண்டிக்கிட்டு வந்தான்.

வழுக்குப்பாறை தாண்டினோம். கைதட்டி சுனை பக்கத்துல உக்காந்துட்டான். முட்டி வீங்கியிருந்தது, மூச்சும் சரியில்ல. பத்து நிமிஷம், இருவது நிமிஷம். எழுந்திருக்க முடியல. ஆறுதலா ஏதாவது சொல்லணும்னு நான் சொன்னேன்: "விடு மாப்ள, இந்த வாட்டி சாமி கூப்பிடல போல."

அவன் தடியைத் தடவிக்கிட்டே கேட்டான்: "அப்ப கடைசி ரெண்டு வருஷம் எங்கப்பாவையும் கூப்பிடலயாடா?"

அவருக்கு நெஞ்சுல ஆபரேஷன் ஆனப்புறம் மலையேறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அந்த ரெண்டு வருஷமும் பூண்டி வரைக்கும் வந்து, அடிவாரத்துலயே ராத்திரி முழுக்க உக்காந்திருந்து, மேல போய்ட்டு வந்தவங்க கையால திருநீறு வாங்கிப் பூசிக்கிட்டு வீட்டுக்குப் போவாராம்.

எனக்குப் பதில் வரல. அவனே தடியை என் கையில குடுத்து, "நீ போய்ட்டு வா"ன்னான். கூட இருந்திருக்கணுமான்னு இப்பவும் யோசிக்கிறேன். போனேன். ஏழாவது மலையில குளிர்காத்து, பெரிய பாறைகளுக்கு நடுவுல சுயம்பு லிங்கம், கண்ணு நிறைய தரிசனம். ஆனா மனசு பூரா அந்தக் கேள்விதான்.

"கூப்பிட்டாத்தான் போக முடியும்"ங்கிறத நாம ஸ்டேட்டஸ்ல போடுறோம். என்னைப் பத்தி நான் சொல்லிக்கிட்டா அது பணிவு: என் கால் பலத்தால வரல, அவன் அருளால வந்தேன். அதையே உக்காந்துட்டவனைப் பாத்துச் சொன்னா அது தீர்ப்பு. வார்த்தை ஒண்ணுதான், ஆனா சாமி மனசுல என்ன இருக்குன்னு நானே முடிவு பண்ணிட்டேன்.

இதுல ஆபத்தும் இருக்கு. 2024 சீசன்ல இந்த மலையில மூச்சுத்திணறி, நெஞ்சுவலி வந்து சிலர் இறந்தே போனாங்க. பாதியில திரும்பினா "கூப்பிடல"ன்னு பேர் வரும்னா, நெஞ்சு வலிக்கிறவன் உக்காருவானா? பல்லைக் கடிச்சுக்கிட்டு ஏறத்தான் பாப்பான்.

நம்ம இடும்பனை நினைச்சுப் பாருங்க. ரெண்டு மலையைக் காவடியா தூக்கிட்டு வந்தவர், பழனியில களைப்பாற இறக்கி வச்சார். அதுக்கப்புறம் தூக்கவே முடியல. எடுத்த வேலையை முடிக்காதவர்தான் அவர். அவருக்கு நம்ம ஐயன் எங்க இடம் குடுத்தான்? படியேறும்போது பாதி வழியில இருக்கிற இடும்பன் சன்னதி. அவரைக் கும்பிட்டுட்டுத்தான் நாம மேல போறோம். அங்க நின்னு எத்தனை தடவை மூச்சு வாங்கியிருக்கேன், இது தோணினதே இல்ல.

இறங்கி வரும்போது அவன் அடிவாரத்துல உக்காந்திருந்தான். ரெண்டு பேர் கைத்தாங்கலா இறக்கி விட்டிருக்காங்க. என்னைப் பாத்ததும் நெத்தியைக் காட்டினான். திருநீறு பூசி விட்டேன். மன்னிப்புக் கேக்க வாய் வரல, பஸ்லயும் தூங்குற மாதிரி வந்துட்டேன்.

தடி இன்னும் என் வீட்டுக் கதவுக்குப் பின்னாடிதான் இருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை கொண்டுபோய்க் குடுக்கணும்.