சடங்கின் தோற்றமும் அதன் உண்மையும்

அமெரிக்க தேசத்து மார்மன் சமயத்தார் ஆலயத்துள் மறைவாக இயற்றும் ‘எண்டோமெண்டு’ என்னும் சடங்கின் மூலம் யாது என்பது நெடுநாள் வழக்கு. அச்சமய முதல்வர் யோசேப்பு ஸ்மித், இல்லினாய் மாகாணத்து நாவூ நகரில் 1842 மார்ச்சு மாதம் பிரீமேசன் சங்கத்திற் சேர்ந்தார். மே 4-ஆம் நாள் தம் கடையின் மேன்மாடத்தில் அணுக்கர் சிலர்க்கு அச்சடங்கைச் செய்வித்தார். இடைப்பட்ட காலம் ஏழு வாரமே. கைக்குறி, அடையாளச் சொல், மறைகாக்குஞ் சூளுறவு என்பன இரண்டற்கும் பொது. ஆதலின் இது களவு என்பர் மறுப்போர்.

சங்கச் சடங்கு பண்டைக் குருத்துவத்தினின்று வந்து சிதைந்ததென்றும், ஸ்மித் அதனைச் செப்பஞ்செய்தாரென்றும் கூறுவர் அன்பர். அவர் மாணாக்கர் ஹீபர் கிம்பால் அவ்வாண்டே இக்கருத்துப்பட எழுதினார். இக்கூற்று நிகழ்ச்சி பற்றியதாகலின் சரித்திர ஆராய்ச்சிக்கு உட்பட்டது. பிரீமேசன் சடங்கோ ஐரோப்பியக் கற்றச்சர் குழாத்து வழக்கினின்று கிளைத்து 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் உருப்பெற்றது. சாலோமோன் காலம் வரை அதனைக் கொண்டுசெல்லச் சான்றில்லை. இத்தொன்மையையே நம்பி வளர்ந்த ஒருவன் ஆண்டுக்கணக்கைக் கண்டவழி அனைத்தையும் இழப்பான். அவனுக்கு இத்துணை நொய்ய தூணைக் காட்டியது யார் பிழை?

இனி, மறுப்போர் வாதமும் முற்றுப்பெறவில்லை. வடிவம் இரவல் என்றே அவர் நாட்டினர். பொருள் பொய் என்று நாட்டினாரல்லர். சங்கத்தார் ஹீராம் என்னுஞ் சிற்பியின் கதையை நடிப்பர். ஆலயச் சடங்கோ படைப்பையும், ஆதாமின் வீழ்ச்சியையும், இறைவன் சந்நிதிக்கு மீளுதலையும் காட்டுவது. 1990-இல் சபையாரே தண்டக் குறிகளை நீக்கினர். வடிவம் மாறாதது என்று அவரும் கொண்டிலர் போலும்.

எஞ்சி நிற்பது, இறைவன் வெளிப்படுத்தினான் என்னும் உரையளவை ஒன்றே. அதற்குப் பற்றுக்கோடு ஸ்மித்தின் வாய்மை. ஆராயப்புகுவார் கைக்குறிகளை எண்ணுதல் விடுத்து, அவர் வாக்கையும் வாழ்வையும் ஆராய்வாராக.