கென்னவிக் மனிதனுக்கு யார் உறவு?

1996 ஜூலை இறுதியில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள கென்னவிக் ஊரை ஒட்டி ஓடும் கொலம்பியா ஆற்றில் படகுப் போட்டி நடந்துகொண்டிருந்தது. வேடிக்கை பார்க்க வந்து கரையோரத் தண்ணீரில் இறங்கி நடந்த இரண்டு கல்லூரி மாணவர்களின் கண்ணில் ஒரு மண்டையோடு பட்டது. போலீஸ் வந்தது. மரண விசாரணை அதிகாரி வந்தார். அவர் ஜேம்ஸ் சாட்டர்ஸ் என்ற தொல்லியலாளரை அழைத்தார். தேடத் தேட எலும்புகள் கிடைத்தன. சிறு துண்டுகளையும் சேர்த்தால் முந்நூறுக்குப் பக்கம்.

மண்டையோட்டின் வடிவத்தைப் பார்த்த சாட்டர்ஸ், பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறிய ஐரோப்பியர் யாரோ என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் இடுப்பெலும்பில் ஏதோ ஒன்று பதிந்திருந்தது. சி.டி. ஸ்கேன் எடுத்தபோது அது கல்லில் செதுக்கிய ஈட்டிமுனை என்று தெரிந்தது. அதைச் சுற்றி எலும்பு வளர்ந்து காயமும் ஆறியிருந்தது. குத்துப்பட்ட பிறகும் அந்த மனிதர் பல காலம் வாழ்ந்திருக்கிறார். கையெலும்பின் ஒரு துண்டு கரிமக் காலக்கணிப்புக்குப் போனது. ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது என்று விடை வந்ததும் ஊர்ச் செய்தி உலகச் செய்தியாயிற்று.

கொலம்பியா ஆற்றுப் படுகையின் பழங்குடியினர் அவரைத் தொல்மூதாதை என்று அழைத்தார்கள், உடனே மண்ணுக்குத் திருப்பித் தரக் கேட்டார்கள். உமட்டில்லா, யாக்கிமா, நெஸ் பெர்ஸ், கோல்வில், வானப்பம் என ஐந்து சமூகங்கள் ஒன்றாக நின்றன. காலம் தொடங்கிய நாள்முதல் நாங்கள் இங்கேயே இருக்கிறோம், ஆகவே இங்கே புதைந்தவர் எங்களவர் என்பது அவர்கள் வாதம். பழங்குடியினரின் எலும்புகளையும் புனிதப் பொருள்களையும் அவர்களிடமே ஒப்படைக்க வழிசெய்யும் 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அவர்கள் பக்கம் இருந்தது. நிலம் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் பொறுப்பில் இருந்ததால் அந்தப் படையும் எலும்புகளை ஒப்படைக்கத் தயாரானது. எட்டு அறிவியலாளர்கள் வழக்குப் போட்டுத் தடுத்தார்கள். போதாததற்கு, பழைய வைக்கிங் தெய்வங்களை வணங்கும் கலிபோர்னியாக் குழு ஒன்றும் நீதிமன்றம் ஏறி, இவர் எங்கள் முன்னோராக இருக்கக்கூடும் என்றது. மண்டையோட்டின் வடிவம் பற்றிய ஓர் அவசர ஊகத்துக்கு இத்தனை பேர் உறவு கொண்டாட வருவார்கள் என்று சாட்டர்ஸ் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அறிவியலாளர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இன்று வாழும் எந்தப் பழங்குடிக்கும் இந்த எலும்புகளுக்கும் தொடர்பு உண்டென்று நிரூபிக்கப்படவில்லை, எனவே அந்தச் சட்டம் இதற்குப் பொருந்தாது என்றது.

ஆய்வு தொடங்கியது. இந்த இடத்தில் அறிவியல் எவ்வளவு அழகாக வேலை செய்யும் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். உண்ட உணவு எலும்பில் கையெழுத்திட்டுவிடுகிறது. கரிமம், நைட்ரஜன் ஆகியவற்றின் எடைகூடிய அணுக்களும் எடைகுறைந்த அணுக்களும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று அளந்தால், ஒருவர் வளர்ந்தது நிலத்து உணவிலா நீர்வாழ் உணவிலா என்று சொல்லிவிடலாம். கென்னவிக் மனிதரின் எலும்பில் கடலின் கையெழுத்து அழுத்தமாக இருந்தது. ஊரோ கடலிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே. ஆய்வை முன்னின்று நடத்திய டக்ளஸ் ஓஸ்லி, இவர் கடற்கரையிலிருந்து வந்தவர், கடற்சிங்கம் போன்றவற்றை உண்டு வாழ்ந்தவர் என்றார். கடலில் கொழுத்து ஆறேறி வரும் சால்மன் மீனை நிறையத் தின்றாலும் இதே விடைதான் வரும், அதற்கு ஊரைவிட்டு வர வேண்டியதில்லை என்றார்கள் மறுத்தவர்கள். இந்த உணவு விவகாரம் வயதையும் தொட்டது. கடல்நீரில் கரைந்திருக்கும் கரிமம் பழையது. அதை உண்டவரின் எலும்பு, உள்ளதைவிட மூத்ததாகக் கணக்கில் வரும். அதைக் கழித்துப் பார்த்தபோது அவர் வயது சுமார் 8,500 ஆண்டுகளாகக் குறைந்தது.

2015இல், கோபன்ஹேகனில் எஸ்கே வில்லர்ஸ்லெவ் குழுவினர் கையெலும்பிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்து வெளியிட்டார்கள். உலகின் இன்றைய மக்கள் எல்லோரிலும் அவர் அமெரிக்கப் பழங்குடியினருக்கே மிக நெருக்கமானவர் என்று தெரிந்தது. கோல்வில் மக்கள் ஒப்பீட்டுக்குத் தங்கள் மரபணு மாதிரிகளைத் தந்திருந்தார்கள். அவர்களோடு உறவு தெரிந்தது. 2016 டிசம்பரில் அமெரிக்க அரசு தனிச் சட்டப்பிரிவு கொண்டுவந்து எலும்புகளை ஒப்படைக்க உத்தரவிட்டது. 2017 பிப்ரவரியில் ஐந்து சமூகங்களைச் சேர்ந்த இருநூறுக்கும் மேற்பட்டோர் கூடி, வெளியில் சொல்லாத ஓர் இடத்தில் அவரை மறுபடி அடக்கம் செய்தார்கள்.

கதை சுபமாக முடிந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. பழங்குடியினர் சொன்னதை அறிவியலே மெய்ப்பித்துவிட்டதாம். உண்மையில் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஆய்வகம் வேறு விடை சொல்லியிருந்தால்? அவரது வழித்தோன்றல்கள் எல்லோரும் ஏதோ ஒரு பஞ்சத்தில் அழிந்துபோயிருந்தால், அந்த மக்கள் இருபது ஆண்டுகளாகச் செய்த வேண்டுதலுக்கு மதிப்பில்லாமல் போயிருக்குமா? 8,500 ஆண்டு என்றால் ஏறத்தாழ முந்நூறு தலைமுறை. அவ்வளவு தொலைவில், சந்ததி விட்டுச்சென்ற ஒருவர் இன்றைய எண்ணற்ற மக்களுக்கு ஒரே நேரத்தில் மூதாதை ஆகிவிடுகிறார். யாருக்கு அவர் நேரான பாட்டன் என்று மரபணு சொல்லாது. நெருக்கம், தொலைவு என்ற அளவுகளைத்தான் சொல்லும். கோல்வில் மக்களைவிட நெருக்கமான குழு ஒன்று மாதிரி கொடுக்காமல் இருந்திருக்கலாம் என்பதையும் அந்த ஆய்வு மறுக்கவில்லை.

உறவு என்பது இரத்தத்தால் நிரூபிக்க வேண்டியதா, கடமையால் ஏற்றுக்கொள்வதா? இந்தக் கேள்வி நம் வீட்டுச் சடங்குகளிலும் இருக்கிறது. அமாவாசை தர்ப்பணத்தில் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என மூன்று தலைமுறைக்குப் பெயர் சொல்லி எள்ளும் நீரும் விடுகிறார்கள். அதற்கு மேல் பெயர் தெரியாது, தெரிய வேண்டும் என்ற நிர்ப்பந்தமும் இல்லை. ஆனால் அதோடு முடிவதில்லை. தாயில்லாதவர், தந்தையில்லாதவர், உறவென்று சொல்ல யாருமே இல்லாதவர்களுக்கும் கடைசியில் ஒரு கை நீர் உண்டு. சான்றிதழ் கேட்காத உறவு அது. இல்வாழ்வான் பேண வேண்டிய ஐவரில் வள்ளுவரும் தென்புலத்தாரைத்தான் முதலில் வைக்கிறார். அமெரிக்க நீதிமன்றம் கேட்ட வகையிலான ஆதாரத்தை இந்த மரபுகளில் எதுவும் கேட்டதில்லை.

மறுபக்கம் எளிதில் தள்ளிவிடக்கூடியது அன்று. இறந்தவருக்கு இழப்பதற்கு ஒன்றும் இல்லை என்பது எபிகூரஸின் பழைய வாதம்: மரணம் வந்த இடத்தில் நாம் இல்லை, நாம் இல்லாத இடத்தில் நமக்குத் தீங்கும் இல்லை. உடல் சாம்பலானால் மிச்சமில்லை என்ற சார்வாகரும் இதையே சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொல்வது சரியென்றால், புதைப்பதால் எலும்புக்கு நன்மை எதுவும் இல்லை, நமக்கு மட்டும் அறிவு நட்டம். அந்த நட்டம் கற்பனையும் அல்ல. ஆஸ்திரேலியாவின் முங்கோ ஏரி அதற்குச் சாட்சி.

ஜிம் பௌலர் நிலவியலாளர். அவர் அங்கே மனிதரைத் தேடிப் போகவில்லை. வறண்டு கிடக்கும் ஏரிப்படுகைகளின் மணல்மேடுகளில் பழைய காலநிலையைப் படிக்கப் போனார். நீர் நிறைந்திருந்த காலத்தில் ஒரு வகை மண், வற்றிய காலத்தில் இன்னொரு வகை என்று அடுக்கடுக்காகப் படிந்திருந்ததை வாசித்துக்கொண்டிருந்தபோது, 1968இல் எரிந்த எலும்புகள் தென்பட்டன. ஒரு பெண்ணுடையவை. எரித்து, நொறுக்கி, புதைத்திருந்தார்கள். உலகில் இதுவரை தெரிந்த மிகப் பழைய தகனங்களில் ஒன்று. அந்த எலும்புகள் தொல்லியலாளர் ஜான் மல்வேனியின் சூட்கேஸில் கான்பெரா போய்ச் சேர்ந்தன. 1974இல் அதே மேட்டில் செங்காவி தூவிப் புதைத்த ஓர் ஆணின் எலும்புக்கூட்டைப் பௌலர் கண்டார். பல ஆண்டு விவாதத்துக்குப் பிறகு, மணல் கடைசியாக வெயிலைக் கண்ட காலத்தை அளக்கும் முறையால் 2003இல் வயது தீர்ந்தது: இரண்டு அடக்கமும் சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முந்தையவை.

முங்கோ மனிதன் என்று அழைக்கப்படும் அந்த ஆணின் மரபணுவைப் படித்துவிட்டதாக 2001இல் ஓர் ஆய்வு அறிவித்தது. இன்றைய மனிதர் யாரோடும் ஒட்டாத வரிசை என்றது. மனித குலத்தின் தோற்றம் பற்றிய கோட்பாடுகளே ஆட்டம் கண்டன. 2016இல் பழங்குடியினரின் ஒப்புதலோடு மறுபடி சோதித்தபோது, கிடைத்ததெல்லாம் எலும்பைக் கையாண்ட ஐரோப்பியரின் மரபணுக் கலப்படம் என்று வெளிப்பட்டது. எலும்பு அதற்குள் புதைக்கப்பட்டிருந்தால் பழைய பிழை பாடப்புத்தகங்களில் அப்படியே நிலைத்திருக்கும். ஆனால் அந்தப் பிழைக்காகவும் எலும்பு துளைக்கப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. மரபணு எடுப்பதென்றால் அந்தத் துண்டைப் பொடியாக்க வேண்டும்; பொடியானது திரும்பாது. உட்காதைச் சுற்றியுள்ள கெட்டி எலும்பில் மரபணு நன்றாக நிலைத்திருக்கிறது என்று தெரிந்த பிறகு, உலகெங்கும் மண்டையோடுகளில் அந்த ஓர் இடத்தையே குறிவைத்துத் துளைத்துவருகிறார்கள். நாளை இன்னும் நுட்பமான கருவி வரும்போது அந்த இடம் காலியாக இருக்கும்.

ஆக, ஆய்வு முடிந்ததும் தந்துவிடுகிறோம் என்ற வாக்குறுதிக்குப் பொருளில்லை. ஆய்வு முடிவதே இல்லை. எப்போது நிறுத்துவது என்பது அறிவியல் விடைதரும் கேள்வி இல்லை என்பதால்தான் வேறு யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. முங்கோ மனிதன் 2017இல் பழைய செந்நிற மரத்தில் செய்த பெட்டியில் ஊர் திரும்பினார்; 2022இல் மறுபடி அடக்கம் நடந்தது. அங்கேயும் எல்லோரும் ஒருமனதாக இல்லை. பௌலரே ஒரு நினைவிடம் எழுப்பி அதில் பாதுகாக்க வேண்டும் என்றவர். பழங்குடியினரிலும் சிலர் இந்தப் புதைப்பை எதிர்த்தார்கள். முன்னோர் விஷயத்தில் உறவினருக்குள் சண்டை வருவது இயற்கைதானே. சண்டை போட உரிமை யாருக்கு என்பதுதான் விஷயம்.

இதற்கு நேர்மாறான காட்சி இங்கிலாந்தில் நடந்தது. 2012இல் லெஸ்டர் நகரக் கார் நிறுத்தம் ஒன்றின் அடியில் கிடைத்த எலும்புக்கூடு, மரபணு ஒப்பீட்டால் மூன்றாம் ரிச்சர்டு மன்னருடையது என்று உறுதியானது. எந்த ஊரில் புதைப்பது என்று வழக்கு நடந்தது. புதைப்பதா வேண்டாமா என்று வழக்கு நடக்கவில்லை. 2015இல் பேராலயத்தில் பேராயர் முன்னிலையில் அடக்கம் செய்தார்கள். அரசனின் எலும்பை அலமாரியில் எண்ணிட்டு வைக்க வேண்டும் என்று அறிவின் பெயரால் வழக்காட யாரும் வரவில்லை.

தமிழ்நாட்டில் இந்த விவாதம் இன்னும் சூடுபிடிக்கவில்லை. ஆதிச்சநல்லூர்த் தாழிகளைப் பற்றியும் கீழடியை அடுத்த கொந்தகை இடுகாட்டைப் பற்றியும் பேசும்போது சண்டை முழுக்க வயதைப் பற்றியும் அறிக்கை வெளியீட்டைப் பற்றியுமே நடக்கிறது. கொந்தகை எலும்புகள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் மரபணு ஆய்வுக்குப் போயின. இரண்டு மண்டையோடுகளை வைத்து லிவர்பூல் நகரப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முகங்கள் 2025இல் வெளியானபோது, நம் தாத்தா முகம் மாதிரியே இருக்கிறதே என்று வீட்டுக்கு வீடு பேசினார்கள். உறவு கொண்டாடுவதில் குறையில்லை. உறவோடு சேர்ந்து வரும் கடமை பற்றித்தான் பேச்சில்லை.

அமெரிக்காவில் 2024 ஜனவரி முதல், பழங்குடி எலும்புகளைக் காட்சிக்கு வைக்கவோ ஆய்வு செய்யவோ அந்த மக்களின் ஒப்புதல் வேண்டும் என்பது விதி. கொந்தகையில் யாரைக் கேட்பது என்று ஒருவர் மடக்கலாம். இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேலான இடைவெளியில் வாரிசு யார்? வாரிசைத் தேட வேண்டியதில்லை. இடுகாட்டின் மேல் இன்று உழுது வாழ்கிற ஊர் இருக்கிறது, அதற்குக் கிராமசபை இருக்கிறது. எந்த எலும்பை எவ்வளவு துளைக்கலாம், மிச்சம் எங்கே இருக்கும், ஆய்வுக்குப் பிறகு தாழியோடு திரும்புமா, காட்சிப்பெட்டிக்குப் போகுமா என்பவற்றை அகழாய்வு தொடங்கும் முன்பே அந்த ஊரோடு உட்கார்ந்து பேசி, அனுமதி ஆணையிலேயே ஒரு பத்தியாக எழுதிவிட முடியும்.