இடைகழியில் நான்காமவர்

நேரத்தை வீணடிப்பவரைக் கண்டிக்கத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. நண்பர்களோடு பேசினால் வெட்டிப் பேச்சு. தெருத் தெருவாக நடந்தால் ஊர் சுற்றல். டீக்கடையில் அரை மணி உட்கார்ந்தால் போதும், பெஞ்சு தேய்க்கிறான் என்பார்கள். இந்தக் கண்டிப்புக்கு ஆன்மிக வடிவமும் உண்டு: பிறவி அரிது, நாள் குறைவு, புலன்கள் வெளியே இழுக்கும், எனவே உள்ளே திரும்பு. நான்கு நண்பர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து கிளம்பி, மரச்சிற்பப் பட்டறை ஒன்றைப் பார்த்து, நல்ல தேயிலையை ருசித்துப் பேசி, ஊரைச் சுற்றிவிட்டு வீடு திரும்பினால், அந்த நாள் ஆன்மாவின் கணக்கில் வரவா செலவா? செலவு என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் சேர்ந்து துய்க்கும் சிறு இன்பம், இன்னொருவருக்கு இடம் விடும் பயிற்சியாக இருக்கும்வரை, வரவுதான் என்பது என் வாதம். அதற்கான சான்றுகளை வெகுதூரம் போய்த் தேட வேண்டியதில்லை. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சிக்குள்ளேயே, தென்பெண்ணைக் கரைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவில், அவை கிடக்கின்றன.

முதல் சான்று திருக்கோவலூர். வைணவ மரபு சொல்லும் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மழை கொட்டும் இருட்டில் பொய்கையாழ்வார் ஒரு வீட்டின் இடைகழியில் ஒதுங்குகிறார். ஒருவர் படுக்கும் அளவே இடம். பூதத்தாழ்வார் வந்து கேட்க, இருவரும் உட்கார்ந்துகொள்கிறார்கள். பேயாழ்வாரும் வந்து சேர, மூவரும் எழுந்து நிற்கிறார்கள். பிறகு, கண்ணுக்குத் தெரியாத நான்காமவர் ஒருவர் நடுவில் புகுந்து நெருக்குவதை உணர்கிறார்கள். அந்த நெருக்கத்திலிருந்து மூன்று அந்தாதிகள் பிறக்கின்றன. காஞ்சிக்காரரும் கடல்மல்லைக்காரரும் மயிலைக்காரரும் அதுவரை தனித்தனியாகத்தான் நடந்துகொண்டிருந்தார்கள். தனித்தனியாகவே பக்தியும் செய்தார்கள். அந்தத் தனிமையில் கிடைக்காத ஒன்று மூன்று பேர் தோள் உரச நின்ற இடத்தில் கிடைத்தது என்று மரபே சொல்கிறது. கதையில் யாரும் தவம் செய்யவில்லை, யாகம் வளர்க்கவில்லை. மழைக்கு ஒதுங்கினார்கள், நலம் விசாரித்தார்கள், பேசிக்கொண்டிருந்தார்கள். படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்ததும், உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றதும்தான் அங்கே நடந்த சடங்கு.

அவர்கள் ஆழ்வார்கள், பேசியது பகவானைப் பற்றி, தேயிலையின் மணத்தைப் பற்றியல்ல என்று மறுக்கலாம். மறுப்பு நியாயமானது, ஆனால் முழுமையானதல்ல. பேச்சின் பொருள்தான் முக்கியம் என்றால், ஒரே பொருளைப் பற்றி மூன்று ஊர்களில் மூவர் தனியே நினைத்துக்கொண்டிருந்ததே போதுமாக இருந்திருக்கும். இடைகழி என்ற குறுகலான இடம் கதைக்குத் தேவைப்பட்டிருக்காது. மற்ற மரபுகளும் இதே பக்கம் சாய்கின்றன. நல்ல நட்பு துறவு வாழ்வில் பாதி என்று ஆனந்தர் சொன்னபோது, பாதியல்ல, முழுவதும் அதுதான் என்று புத்தர் திருத்தியதாகப் பாலி நூல்கள் பதிவுசெய்கின்றன. வள்ளுவர் நட்புக்கும் அதன் போலிகளுக்குமாகத் தொடர்ந்து ஐந்து அதிகாரங்கள் ஒதுக்கினார். வீடு என்ற நான்காம் பொருளுக்குத் தனிப் பால் வைக்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழி மற்ற மூன்றின் வழியாகவே திறக்கிறது என்று உரைகாரர்கள் அதற்குச் சமாதானம் சொல்வதுண்டு. அப்படியானால் இன்பமும் நட்பும் அந்த வழியில் கிடக்கும் கற்கள் அல்ல, வழியின் பகுதி.

இனிக் கைவினைக்கு வருவோம். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பக்கத்தில் சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டியும் பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரும் அதே சிறப்பை ஏற்கெனவே பெற்றவை. இந்தப் பட்டறைகளில் உளியும் கொட்டாப்புளியும் செய்வது வெறும் அலங்காரம் அல்ல. முகத்தின் நீளத்தை ஓர் அலகாகக் கொண்டு உடல் முழுவதையும் அளக்கும் தாலமானக் கணக்கு ஒவ்வொரு உருவத்துக்குள்ளும் இருக்கிறது. மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்காமல் உளியை வைத்தால் மரம் பிளந்துவிடும். மரம் சொல்வதைக் கேட்டு, தன் விருப்பத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறவருக்கே உருவம் கிடைக்கும். அதாவது பொருளுக்கு இடம் விட வேண்டும். இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. மரச் சிற்பியின் பெரிய வேலைகளில் தேரும் வாகனங்களும் உண்டு. மூலவர் கல்லாகக் கருவறையில் அசையாமல் இருக்க, உற்சவர் யானை மீதும் குதிரை மீதும் கருடன் மீதும் ஏறி நான்கு வீதியும் வருகிறார். கோயிலுக்குள் வர முடியாத முதியவரும் நோயாளியும் வாசலில் நின்றே பார்க்க, அவர் நின்று நின்று போகிறார். ஊர் சுற்றுவது ஆன்மிகத்துக்கு விரோதம் என்றால், தமிழ்நாட்டில் முதலில் கண்டிக்கப்பட வேண்டியவர் உற்சவர்தான். அவருக்கு வண்டி செய்துகொடுத்தவர் அடுத்தபடி.

அடுத்தது தேயிலை. அது கல்வராயன் மலையின் பயிர் அல்ல. அங்கே சாமையும் மரவள்ளியும் கடுக்காயும் தேனும்தான். தேயிலை நீலகிரியிலிருந்து இறங்கி வருகிறது. குன்னூர் ஏலத்துக்கு வரும் தேயிலையை ருசி பார்த்து விலை சொல்ல அதற்கென்றே தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அளந்த தூளில் அளந்த கொதிநீர் ஊற்றி, சில நிமிடம் ஊறவிட்டு, வரிசையாக வைத்த கோப்பைகளிலிருந்து ஒவ்வொரு கரண்டியாகச் சத்தத்தோடு உறிஞ்சி, நாக்கில் சுழற்றி, துப்பிவிடுவார்கள். ருசியை மதிப்பிடுகிறவர் குடிப்பதில்லை. குடித்தால் அடுத்த கோப்பைக்கு நாக்கு கூர்மையாக இராது. அந்தத் தொழில் கவனத்தின் உச்சம். நண்பர்கள் கூடி ருசி பார்ப்பது அதிலிருந்து ஓரிடத்தில் வேறுபடுகிறது: அவர்கள் விழுங்குகிறார்கள், விலை சொல்வதில்லை. ‘இதில் பூ வாசம் தெரிகிறதா?’ என்று ஒருவர் கேட்டதும் மற்றவர் மறுபடி ஒரு மடக்கு குடித்துத் தேடுகிறார். தனியே குடித்திருந்தால் அவருக்குக் கிடைக்காத வாசம், இன்னொருவரின் நாக்கு வழியாகக் கிடைக்கிறது. ஜப்பானில் 16ஆம் நூற்றாண்டில் தேநீர் ஆசான் சென் நோ ரிக்யூ தேநீர் அறையை இரண்டு பாய் அளவுக்குச் சுருக்கினார்; வாசலையும் தவழ்ந்து நுழையும்படி தாழ்த்தினார்; வாளோடு வந்தவர் அதை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். திருக்கோவலூர் இடைகழியை அவர் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. ஆனாலும் இடத்தைச் சுருக்கினால் மனிதர்கள் விரிவார்கள் என்ற அதே அறிவு அங்கேயும் தெரிகிறது.

துறவு மரபின் மறுப்பு இதைவிட வலிமையானது. உளுந்தூர்பேட்டை அருகே திருநறுங்கொண்டைக் குன்றில், பாறையில் செதுக்கப்பட்ட சமணத் தீர்த்தங்கரர் பார்சுவநாதர் பற்றை அறுக்கச் சொல்கிறார். பற்று வைத்தால் என்ன ஆகும் என்பதற்குத் திருக்கோவலூரிலேயே கபிலர் குன்று நிற்கிறது. நண்பனான வள்ளல் பாரி இறந்த பின், அவன் மகளைத் திருக்கோவலூர் மன்னன் மலையமானிடம் ஒப்படைத்துவிட்டுச் சங்கப் புலவர் கபிலர் தீப்புகுந்தார் என்று வீரட்டானேசுவரர் கோயிலின் இராசராசன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. நட்பு ஒருவரை நெருப்பு வரை கொண்டுபோய் விட்டதென்றால், அதை விடுதலையின் பாதை என்று எப்படிச் சொல்வது? இந்த மறுப்பைத் தட்டிவிட முடியாது. துக்கம் நட்போடு கூடவே வரும் விலை. ஆனால் அதே வீரட்டானேசுவரர் கோயில் இன்னொரு காட்சியையும் பார்த்திருக்கிறது. 1896இல், எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திருவண்ணாமலைக்குப் புறப்பட்ட 16 வயது வேங்கடராமன், பின்னாளைய ரமணர், அங்கே பசியோடு நின்றார். பிரசாதம் தர மறுத்தார்கள். கோயில் மேளக்காரர்தான் தன் பங்குச் சோற்றை அவருக்குக் கொடுக்கச் சொன்னார். உறவையெல்லாம் துறந்து தனியே நடந்தவரையும் அன்று இரவு தாங்கியது ஒருவர் பகிர்ந்துகொண்ட சோறு. துறவி நட்பைத் துறக்கலாம், பகிர்தலைத் துறக்க முடியாது. பற்று என்று மரபு கண்டித்தது பிடித்துவைத்துக்கொள்வதை. மேளக்காரர் செய்தது விட்டுக்கொடுப்பது. கபிலரும் கடைசியில் தனக்கென எதையும் பிடித்துவைக்கவில்லை; அந்தப் பாறையில் சிறு கோயில் கட்டிக் கும்பிட்ட ஊர், அவரைப் பற்றில் சிக்கியவர் என்று நினைக்கவில்லை.

அடுத்த மறுப்பு அறத்தின் பக்கமிருந்து வருகிறது: இதெல்லாம் ஓய்வு உள்ளவர்களின் பேச்சு. கல்வராயன் மலை மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையிலிருந்து விடுபட்டது 1976இல்தான், நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து. அதுவரை மலையாளிப் பழங்குடியினர் அவர்களுக்குக் கூலியில்லாமல் உழைக்க வேண்டியிருந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என்றால் இப்படி ஊதியமின்றிச் செய்யும் கட்டாய வேலை. இன்று அதே சொல் பயனில்லாமல் நேரம் போக்குவதைக் குறிக்கிறது. வேலை வாங்கியவரின் கொடுமையைச் சொல்ல வேண்டிய சொல், எப்படியோ சும்மா இருப்பவரைத் திட்டும் சொல்லாக இறங்கிவிட்டது. அந்த மலைக்கு இன்று கரியாலூர்ப் படகுக் குழாமுக்கும் மேகம் அருவிக்கும் நண்பர் கூட்டங்கள் வருகின்றன. மலையின் வரலாறு தெரியாமல் அருவியில் மட்டும் நனைந்துவிட்டுப் போவது, மேலே நான் சொன்ன இடம் விடுதல் ஆகாது. ஆனால் இந்த மறுப்பு இன்பத்துக்கு எதிரானதாக எனக்குப் படவில்லை, அது பங்கீட்டைப் பற்றியது. அந்த மக்களிடமிருந்து கூலியை மட்டுமா பறித்தார்கள்? மாலையில் கால் நீட்டி உட்கார்ந்து பேசும் பொழுதையும் சேர்த்துத்தான் பறித்தார்கள். பறிக்கப்பட்டது அற்பமானது என்றால் பறித்ததும் சிறு குற்றமாகிவிடும். ஓய்வும் தோழமையும் ஆன்மாவுக்கு உணவு என்று ஏற்றால்தான் அவற்றைப் பறித்தது எவ்வளவு பெரிய குற்றம் என்பது விளங்கும். கைவினைக்கும் இது பொருந்தும்: பட்டறையை வேடிக்கை பார்க்கும் நண்பர்கள் சிற்பியின் விலையை அடித்துப் பேசினால், அவர்கள் அங்கே விருந்தாளிகள் அல்லர்.

கடைசி மறுப்பு கசப்பானது. சேர்ந்து அருந்துவது இவ்வளவு உயர்ந்ததென்றால் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்தது என்ன? அங்கேயும் மனிதர்கள் அருந்தத்தான் போனார்கள். மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்ததும் அதன் பிறகுதான். செத்தவர்களுக்கு நீதி போதிப்பது மரியாதையாகாது. விஷத்தை விற்றவர்களையும் விற்க விட்டவர்களையும் முதலில் கேட்க வேண்டும். ஆனால் கேள்வி தத்துவத்தையும் தொடுகிறது. சாராயம் கூட்டமாகக் குடிக்கப்பட்டாலும் ஒவ்வொருவரையும் தனித்தனியே உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது. எதிரே இருப்பவரின் முகம் மங்கிக்கொண்டே வரும். தேநீர் அந்த முகத்தைத் தெளிவாக்குகிறது. வள்ளுவர் நட்பைப் போற்றிய அதே பொருட்பாலில் கள்ளுண்ணாமைக்கும் ஓர் அதிகாரம் வைத்தது முரண் அல்ல. எந்த இன்பம் என்று கேட்பதைவிட, அது முடியும்போது எதிரே இருந்தவர் எனக்கு முன்னைவிட நன்றாகத் தெரிகிறாரா என்று கேட்பதே சரியான உரைகல். நாள் முழுக்கச் சுமை தூக்கியவனுக்கு அலுப்பு தீர உட்கார அந்த ஊர் வேறு எந்த இடத்தை வைத்திருந்தது என்ற கேள்வியும் அந்த உரைகல்லோடு சேர்ந்தே வருகிறது.

இதே மாவட்டத்துக் கூவாகத்தில் சித்திரையில் கூடும் திருநங்கையரின் திருவிழா இந்த வாதத்தின் எல்லையைக் காட்டுகிறது. அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாளே அறுக்கும் சடங்கு ஒருபுறம். அதற்கு முந்தைய நாட்களில் பல ஊர்களிலிருந்து வந்த தோழிகள் சந்தித்து, வளையல் வாங்கி, அலங்கரித்து, சிரித்துப் பேசிக்கொண்டு வீதிகளில் நடப்பது மறுபுறம். பார்வையாளர் சிலர் பின்னதைக் கேளிக்கை என்றும் முன்னதை மட்டும் பக்தி என்றும் பிரிக்கிறார்கள். பிறந்த வீட்டில் இடம் கிடைக்காத பலருக்கு அந்தத் தோழமைதான் வீடு என்பதை நினைத்தால் கோடு எங்கே போடுவது என்று தெரியாது. மறுநாள் ஒப்பாரி வைக்கத் தோள் வேண்டும். அந்தத் தோள் முந்தைய நாட்களின் சிரிப்பில் கிடைத்தது.

எனவே ஞாயிற்றுக்கிழமை நண்பர்களிடம் யாரும் பாவமன்னிப்புக் கேட்கச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களின் கூட்டத்தில் இன்னொருவர் புக வழியிருக்கிறதா என்று மட்டும் கேட்கலாம். நான்கு பேர் மட்டும் கொள்ளும்படி இறுகிவிட்ட நட்பு, பொய்கையார் முதலில் படுத்திருந்த இடைகழி போன்றது; வசதியானது, மழைக்கு ஒதுங்கப் போதுமானது, ஆனால் அதில் எதுவும் நிகழாது. திருக்கோவலூர்க் கதையில் கடவுள் வந்தது மூவரும் எழுந்து நின்ற பிறகு. பேருந்து நிலையத்து டீக்கடைகளில் அதே சடங்கு ஒரு நாளில் எத்தனையோ முறை நடக்கிறது: டம்ளரோடு நிற்கும் புதியவரைப் பார்த்துப் பெஞ்சின் ஓரத்திலிருந்து ஒருவர் பக்கத்து ஆளிடம் சொல்கிறார், ‘கொஞ்சம் தள்ளி உக்காருங்க.’