பிள்ளையின் வயதைக் கேட்டீர்களா?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

சூரா யூசுஃபை நாம் பலமுறை ஓதியிருக்கிறோம். கிணற்றில் போடப்பட்ட சிறுவரை வழிப்போக்கர்கள் எடுத்தார்கள். சில வெள்ளிக்காசுகளுக்கு அவர் விற்கப்பட்டு எகிப்துக்குப் போனார். இங்கே தந்தை யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் துக்கத்தால் வெளுத்துப் போயின.

இது பழைய வரலாறு என்று கடந்துவிடாதீர்கள். நம் மதராஸிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல், 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத்தில் போனவர்கள் அதில் இருந்தார்கள். முஸ்லிம்களும் இருந்தார்கள். பெற்றோரின் கையைப் பிடித்தபடி குழந்தைகளும் இருந்தார்கள்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் குடும்பம் குடும்பமாக ஆள் சேர்த்தார்கள். ஒருவருடைய கடனைத் 'துண்டு' என்ற சீட்டில் எழுதி, தோட்டத்துக்குத் தோட்டம் அவர் கூடவே அனுப்பினார்கள். 1921-ல்தான் அது ஒழிந்தது. பிறகு 1927-ல் வந்த கூலிச் சட்டத்தின் கீழ் மலைநாட்டில் ஒரு நாள் கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, சிறுவருக்கு 32. பிள்ளையின் உழைப்புக்குச் சட்டத்திலேயே விலை இருந்தது!

பிரிட்டன் தன் சொந்த ஏழைப் பிள்ளைகளையே ஒரு லட்சத்துக்கும் மேல் கனடா, ஆஸ்திரேலியா என்று கப்பலேற்றியது. பெற்றோர் உயிரோடு இருக்க, இறந்துவிட்டார்கள் என்று பல பிள்ளைகளிடம் பொய் சொன்னார்கள். 2010-ல்தான் அந்த அரசு மன்னிப்புக் கேட்டது.

எல்லா இடத்திலும் ஒரே சமாதானம்: "இங்கே பட்டினி, அங்கே போனால் சோறு." பசித்த தாயைக் குற்றம் சொல்லி நாம் தப்ப முடியாது. அவள் பசியில் லாபம் பார்த்தவர் யார்? பக்கத்து வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கியவர் யார்?

ஃபஜ்ரு முடித்துத் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் நின்று பாருங்கள். வடமாநிலங்களிலிருந்து வேலை தேடி வருபவர்களில் மீசை அரும்பாத முகங்களும் தெரியும். குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் நமக்கு டீ கொண்டு வைக்கும் பையனின் வயதை என்றாவது கேட்டிருக்கிறோமா? 14 வயது நிறையாத பிள்ளையைக் கடையில் வேலைக்கு வைப்பது சட்டப்படியும் குற்றம்.

அனஸ் (ரலி) அவர்கள் பத்து வயதில் நபி (ஸல்) அவர்களிடம் பணிவிடைக்கு வந்தார்கள். பத்து வருடங்களில் ஒருமுறைகூட "சீ" என்ற சொல்லைக் கேட்டதில்லை என்று அவர்களே அறிவித்தார்கள். நம் கடைப் பையன் நம்மைப் பற்றி என்ன சாட்சி சொல்வான்?

சுதந்திரமான மனிதனை விற்று அந்தக் காசைத் தின்றவனுக்கும், வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கும் மறுமையில் தானே எதிரியாக நிற்பதாக அல்லாஹ் எச்சரிப்பது புகாரியில் பதிவாகியுள்ளது.

ஆகவே சகோதரர்களே, வயதைக் கூட்டி எழுதி வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட்டுக்குத் துணை போகாதீர்கள். தனியாக நிற்கும் பிள்ளையைக் கண்டால் 1098-க்குச் சொல்லுங்கள். ஜகாத் கணக்குப் பார்க்கும்போது, படிப்பை நிறுத்தப்போகும் ஒரு ஏழைப் பிள்ளையின் வீட்டை முதலில் தேடுங்கள்.

யா அல்லாஹ்! யூசுஃபை யஃகூபிடம் சேர்த்ததுபோல், பிரிந்த பிள்ளைகளைப் பெற்றோரிடம் சேர்ப்பாயாக. அவர்கள் கண்ணீருக்கு நாங்கள் காரணமாகிவிடாமல் காப்பாயாக. ஆமீன்.