பூட்டுப் போடத் தெரிந்தவர்கள்

சென்னை ஓ.எம்.ஆர். ஐ.டி. அலுவலகங்களில் வேலை பார்க்கும் பெற்றோருக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. ஊரே ஓ.டி.பி.யைச் சொல்லிவிட்டுப் பணத்தைப் பறிகொடுத்தாலும் அவர்கள் ஏமாற மாட்டார்கள். பாஸ்வேர்டுகளைப் பத்திரப்படுத்தத் தனிச் செயலி, வீட்டு ரவுட்டரில் ஆபாசத் தளங்களுக்குத் தடை, பிள்ளையின் போனைக் கண்காணிக்க ஃபேமிலி லிங்க் என்று எல்லாவற்றையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் முடித்துவிடுவார்கள். பிள்ளையின் பாதுகாப்பு என்ற வேலை அத்தோடு முடிந்தது என்று திங்கட்கிழமை நிம்மதியாக லேப்டாப்பைத் திறப்பார்கள். கவலைப்பட வேண்டியது அந்த நிம்மதியைப் பற்றித்தான்.

பூட்டே வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் ரவுட்டர் போடும் தடை வீட்டு வைஃபை எட்டும் தூரம் வரைதான். மொபைல் டேட்டாவுக்கு மாறினால் போயிற்று. நண்பனின் ஹாட்ஸ்பாட் இருந்தால் அதுவும் தேவையில்லை. நேரக் கட்டுப்பாடு வைத்தால், போனின் கடிகாரத்தை மாற்றிப் பார்ப்பதும், அப்பா ரகசிய எண்ணை அழுத்துவதை ஸ்கிரீன் ரெக்கார்டிங்கில் பிடிப்பதும் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிந்த வித்தைகள். அந்தச் சிரமம்கூடப் பல வீடுகளில் அவர்களுக்கு வருவதில்லை. நாமே திறந்துவிடுகிறோம்.

பத்து வயதுப் பெண் இன்ஸ்டாகிராம் கேட்கிறாள். வகுப்பில் எல்லாரும் வைத்திருக்கிறார்களாம். விதிப்படி 13 வயது ஆகியிருக்க வேண்டும். அப்பாவுக்கு ஏழரை மணிக்கு அமெரிக்கக் கால். போனை வாங்குகிறார், பிறந்த வருடத்தைக் கட்டைவிரலால் சுழற்றி 2002-இல் நிறுத்துகிறார், திருப்பிக் கொடுக்கிறார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. பதின்வயதினருக்கென்று இன்ஸ்டாகிராம் 2024-இல் தனிக் கணக்குமுறை கொண்டுவந்தது. கணக்கு தானாகவே பிறர் பார்வைக்கு மூடியிருக்கும். முன்பின் தெரியாதவர் செய்தி அனுப்ப முடியாது. 16 வயதுக்குக் கீழே இருந்தால் அந்த அமைப்பைத் தளர்த்தப் பெற்றோரின் அனுமதி வேண்டும். இத்தனையும் முதலில் பார்ப்பது அந்தப் பிறந்த தேதியைத்தான். அந்த மாலை முதல் அவள் இன்ஸ்டாகிராமின் கணக்கில் இருபது தாண்டிய பெண். ‘பொய் சொல்லக் கூடாது’ என்று அன்று காலைகூட அவளுக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்கலாம். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத அனைவரையும் குழந்தை என்கிறது. பெற்றோரின் சம்மதத்தை உறுதிசெய்துகொள்ளாமல் அவர்களுடைய தரவை நிறுவனங்கள் கையாளக் கூடாது. அவர்களுடைய நடவடிக்கையைக் கண்காணிப்பதும், குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியா வேறு வழியில் போயிருக்கிறது. 2025 டிசம்பர் 10 முதல் அங்கே 16 வயதுக்குட்பட்டவர்கள் முக்கியமான சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது. தண்டம் நிறுவனங்களுக்கு மட்டும், பெற்றோருக்கு இல்லை. நம் சட்டம் பெற்றோரை நம்பிச் சாவியைக் கொடுக்கிறது. பக்கம் பக்கமாக வரும் நிபந்தனைகளில் ஒரு வரிகூடப் படிக்காமல் ‘சம்மதம்’ என்று அழுத்திப் பழகிய அதே கட்டைவிரலிடம்.

பிள்ளையைப் பற்றிய விவரங்களை இணையத்துக்கு முதலில் கொண்டுபோவதும் பெரும்பாலும் நாம்தான். பிறந்தநாள் கேக்கில் பெயரும் வயதும், சீருடையில் பள்ளியின் பெயர், பின்னணியில் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசல். முன்பின் தெரியாத ஒருவன் அந்தப் பிள்ளையிடம் ‘உன்னை எனக்குத் தெரியும்’ என்று பேச்சைத் தொடங்க இவை போதும்.

நம்மில் சிலர் செய்யும் வேலையையும் சொல்லத்தான் வேண்டும். பயனரைச் செயலியில் இன்னும் ஐந்து நிமிடம் இருத்திவைப்பது எப்படி என்று பகலில் ஸ்லைடு போட்டு விளக்குகிறோம். இரவில் ‘எப்பப் பாரு போனு’ என்று பிள்ளையைக் கடிந்துகொள்கிறோம். கீழே இழுக்க இழுக்க முடிவில்லாமல் வந்துகொண்டேயிருக்கும் பக்கத்தை 2006-இல் வடிவமைத்த ஆசா ராஸ்கின், பிற்காலத்தில் அதற்காக வெளிப்படையாக வருந்தினார். இரண்டு முதல் ஐந்து வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்வதைக் குடும்ப வாட்ஸப் குழுவில் அனுப்பிவைக்கிறோம். அனுப்புவது சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்த போனிலிருந்து.

இவை பழக்கக் கோளாறுகள்; திருத்திக்கொள்ளலாம். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. விளையாட்டுச் செயலியில் நண்பனாகச் சேர்ந்தவன் ஒரு படம் கேட்டு வாங்குகிறான். அடுத்த நிமிடமே ‘இதை உன் அப்பாவுக்கு அனுப்பட்டுமா?’ என்கிறான். அவன் கையில் இருக்கும் ஆயுதம் தொழில்நுட்பம் அல்ல, அந்தப் பிள்ளை நம்மிடம் வைத்திருக்கும் பயம். வீட்டில் சொன்னால் அடி விழும், போன் பறிபோகும் என்று தெரிந்த பிள்ளை அவன் கேட்பதையெல்லாம் கொடுத்துக்கொண்டே போகும். ‘அப்பா, ஒண்ணு சொல்லணும்’ என்று அறை வாசலில் வந்து நிற்கும் பிள்ளைக்கு, ஹெட்செட்டைக் கழற்றாமல் கையால் ‘அப்புறம்’ என்று சைகை காட்டினால், அந்த ‘அப்புறம்’ வராமலே போகலாம்.

வந்து சொல்லிவிட்டால் வழி இருக்கிறது. பணம் கொடுக்கக் கூடாது. உரையாடலை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துவிட்டு அவனைத் தடுக்க வேண்டும். சைபர் குற்றங்களுக்கு 1930, குழந்தைகள் உதவிக்கு 1098. அமெரிக்காவின் காணாமற்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்தும் ‘டேக் இட் டவுன்’ சேவை, 18 வயதுக்கு முன் எடுத்த அந்தரங்கப் படங்களுக்கானது. படம் போனை விட்டு வெளியே போகாமல் அதன் ஹாஷ், அதாவது படத்தின் டிஜிட்டல் கைரேகை, மட்டும் உருவாகும். இணைந்துள்ள தளங்கள் அதை வைத்துப் படத்தைத் தேடி நீக்கும். ஹாஷ் என்றால் என்னவென்று பிள்ளைக்கு விளக்கத் தெரிந்த பெற்றோர் நாம். அந்த அறிவு இங்கேதான் உதவும்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியதற்கு எந்தச் செயலியும் தேவையில்லை. ‘என்ன நடந்தாலும் முதல்ல எங்ககிட்ட சொல்லு. திட்ட மாட்டோம், போனைப் பிடுங்க மாட்டோம்’ என்று எதுவும் நடக்காத ஒரு நாளில் சொல்லிவையுங்கள். சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். சின்னத் தப்பைச் சொன்னபோது நாம் எப்படி நடந்துகொண்டோம் என்பதைப் பார்த்துத்தான், பெரிய விஷயத்தை நம்மிடம் சொல்வதா வேண்டாமா என்று பிள்ளைகள் முடிவுசெய்கிறார்கள்.